1,200 மில்லி லிட்டரின் வரவு செலவு

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் வந்தால் நாங்குநேரி. இங்கிருந்து வேலைக்கும் படிப்புக்கும் தினமும் பைக்கிலேயே நெல்லைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. அவர்களில் ரேடியேட்டர் வைத்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கான கணக்கு இது. பழைய கூலன்டை வீட்டிலேயே வடித்து, உள்ளே கழுவி, புதிதாக ஊற்ற எது எத்தனை மில்லி வேண்டும், எத்தனை ரூபாய் ஆகும், தவறினால் எவ்வளவு போகும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள் அடங்கும். அதில் தண்ணீருக்கு 120 ரூபாய். லிட்டர் 24 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தத் தண்ணீர்தான் 10,000 ரூபாய் இன்ஜின் வேலையை வரவழைப்பதும் தடுப்பதும். ஆகவே நாங்குநேரிக்காரர் செய்ய வேண்டியவை இரண்டு. போர் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்ததையும் உள்ளே போனதையும் அளந்து எழுத வேண்டும்.

கணக்கின் அடிப்படை

கூலன்ட் கொள்ளளவு வண்டிக்கு வண்டி மாறும். சரியான எண் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. இங்கே ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்கிறோம்.

- இன்ஜின், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் சேர்த்து: 1,200 மி.லி.
- ரிசர்வ் டப்பா: 200 மி.லி.
- ஓட்டம்: நாளுக்கு 60 கி.மீ., ஆண்டுக்கு 250 நாள். ஆக 15,000 கி.மீ.
- மைலேஜ்: லிட்டருக்கு 40 கி.மீ.
- பெட்ரோல்: லிட்டர் 100 ரூபாய்
- கூலன்ட் மாற்றும் இடைவெளி: 2 ஆண்டு, அதாவது 30,000 கி.மீ.

பல நிறுவனங்களின் கையேடுகள் 2 முதல் 3 ஆண்டு என்கின்றன. சிலவற்றில் கூடுதலாகவும் இருக்கும். கீழே வரும் விலைகளெல்லாம் கணக்குப் போடுவதற்காக முழு எண்ணாக எடுத்தவை. உங்கள் கடை பில்லில் உள்ள எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

இந்தக் கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஸ்பிளெண்டர், பழைய புல்லட் போன்றவை காற்றால் குளிர்பவை; அவற்றில் கூலன்டே இல்லை. 2008இல் யமஹா ஆர்15 வந்தபோது 150 சிசி வண்டியிலும் ரேடியேட்டர் என்பது நம் சாலைகளுக்குப் பழக்கமானது. 2012இல் கேடிஎம் 200 டியூக்கும் பஜாஜ் பல்சர் 200 என்எஸ்ஸும் வந்தன. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தது 2017 டிசம்பரில். காற்றுக் குளிர்ச்சிக்கே பேர்போன ராயல் என்ஃபீல்டு, 2023இல் ஹிமாலயன் 450இல் ரேடியேட்டர் வைத்தது. இவற்றில் பல இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி ஊர்ப்புறத்தில் ஓடுகின்றன. முந்தைய உரிமையாளர் எந்தத் தண்ணீரை ஊற்றினார் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. பழைய வண்டி வாங்கியவர் முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று கூலன்ட் மாற்றுவது.

வெப்பத்தின் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நாங்குநேரியிலிருந்து நெல்லைக்கு 30 கி.மீ.; அதற்கு 0.75 லிட்டர், அதாவது 24 மெகாஜூல். இதில் ஏறக்குறைய கால்வாசி கூலன்ட் வழியாக வெளியேறுகிறது என்று வைத்தால் 6 மெகாஜூல். 30 டிகிரியில் உள்ள 20 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் இது. அரை மணி நேரத்தில் இத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் கொட்டுவது வெறும் 1,200 மில்லி திரவம்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இது சுமார் 3.3 கிலோவாட். கூலன்ட் சுற்று திடீரென்று நின்றுபோனால் என்ன ஆகும்? 1,200 மில்லி கூலன்ட், அதோடு 15 கிலோ அலுமினியம் என்று இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 90 டிகிரியிலிருந்து 125 டிகிரிக்கு ஏற சுமார் 630 கிலோஜூல் போதும். 3.3 கிலோவாட்டில் அது 3 நிமிடம் சொச்சம், அதாவது 3 கிலோமீட்டர் ஓட்டம். வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு அடுத்த ஊர் மெக்கானிக் கடை வரை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவருக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிக்காற்றும் கணக்கில் சேரும். ரேடியேட்டர் கொட்டும் வெப்பம், கூலன்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. மார்கழி விடியலில் காற்று 23 டிகிரி, கூலன்ட் 95 டிகிரி என்றால் வித்தியாசம் 72. அக்கினி நட்சத்திர மதியத்தில் காற்று 40 டிகிரி என்றால் 55 தான். அதே ரேடியேட்டர், அதே வேகம். ஆனால் குளிர்விக்கும் திறனில் 24 சதவீதம் குறைந்துவிட்டது. நெல்லை வண்ணார்பேட்டை நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் எதிர்க்காற்றும் இல்லை. மின்விசிறி ஒன்றுதான் துணை. உப்பு அடைத்த ரேடியேட்டருக்கு இந்த 24 சதவீதத்தை விட்டுக்கொடுக்க இடமிருக்காது.

கிளைக்கால் எதற்கு?

கூலன்டின் முக்கியப் பொருள் எதிலீன் கிளைக்கால். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடிக்காமல் இருக்க அது புழக்கத்துக்கு வந்தது. பாதிக்குப் பாதி கலவை உறைவது சுமார் மைனஸ் 37 டிகிரியில். நாங்குநேரியில் அந்தப் பயன் பூஜ்யம். அப்படியானால் வெறும் தண்ணீர் போதாதா என்ற கேள்வி நியாயமானது. எண்களே பதில் சொல்லட்டும்.

- வெறும் தண்ணீர், ரேடியேட்டர் மூடி இல்லாமல்: 100 டிகிரியில் கொதிக்கும்
- பாதிக்குப் பாதி கலவை, மூடி இல்லாமல்: சுமார் 107 டிகிரி
- வெறும் தண்ணீர், 1.1 பார் அழுத்த மூடியோடு: சுமார் 122 டிகிரி
- பாதிக்குப் பாதி கலவை, அதே மூடியோடு: சுமார் 129 டிகிரி

இதில் கிளைக்கால் தருவது 7 டிகிரி. மூடி தருவது 22 டிகிரி. ஆகவே மூடியின் ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எத்தனை உயர்ந்த கூலன்ட் ஊற்றினாலும் பெரிய பாதுகாப்பு போய்விடுகிறது. கூலன்ட் மாற்றும் அன்றே மூடியைப் பார்க்க வேண்டும்.

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே வல்லது. பாதிக் கலவை, லிட்டருக்கு லிட்டர் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் சுமக்கும். ஆனால் வெறும் தண்ணீரில் அலுமினியம் அரிக்கும், பம்பின் ஷாஃப்ட் துருப்பிடிக்கும். கூலன்ட் பாட்டிலில் கிளைக்காலோடு அரிமானத் தடுப்பு மருந்துகளும் உண்டு. நமக்கு முக்கியம் அவைதான். கிளைக்கால் 33 சதவீதத்துக்குக் கீழே போனால் தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகும் என்பது தயாரிப்பாளர்கள் பலரின் எச்சரிக்கை. கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தவறு: கலக்காத கிளைக்கால் வெப்பம் சுமப்பதில் மந்தம், உறைவதும் மைனஸ் 13 டிகிரியிலேயே. பாதிக்குப் பாதி என்பது இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே பிடித்த இடம்.

இரண்டு மூன்று ஆண்டில் அந்தத் தடுப்பு மருந்து செலவாகிவிடுகிறது. வெப்பத்தில் கிளைக்காலும் சிறிது சிறிதாக அமிலமாகிறது. பார்க்க அதே பச்சை, அதே சிவப்பு. உள்ளே காவல் போய்விட்டது. நிறம் வெறும் சாயம். அது தரத்தையும் சொல்லாது, வயதையும் சொல்லாது.

தண்ணீரின் கணக்கு

நாங்குநேரி, திசையன்விளை, மூலைக்கரைப்பட்டி சுற்றுவட்டாரத்தில் போர் போட்ட வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாளி விளிம்பில் வெள்ளைக் கோடு, ஷவர் துளையில் அடைப்பு, வாட்டர் ஹீட்டர் கம்பியில் ஓடு. 50, 60 டிகிரி ஹீட்டரிலேயே இப்படிப் படிகிற உப்பு, 90 டிகிரிக்கு மேல் ஓடும் இன்ஜின் சுவரில் எப்படிப் படியும்?

இரண்டு அளவுகோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 (2012). மற்றொன்று, கூலன்டில் கலக்கும் தண்ணீருக்கு ஏஎஸ்டிஎம் டி3306 தரம் சொல்லும் உச்சவரம்பு. எல்லாம் லிட்டருக்கு மில்லி கிராமில்.

- கடினத்தன்மை: குடிநீரில் ஏற்கத்தக்கது 200, வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை, கூலன்டுக்கு 170
- குளோரைடு: குடிநீரில் 250, வேறு வழியில்லையென்றால் 1,000 வரை, கூலன்டுக்கு 40
- கரைந்த உப்பு மொத்தம்: குடிநீரில் 500, வேறு வழியில்லையென்றால் 2,000 வரை, கூலன்டுக்கு 340

குளோரைடு வரிசையைக் கவனியுங்கள். மனிதன் தாராளமாகக் குடிக்கலாம் என்று தரம் அனுமதிக்கும் தண்ணீரிலேயே, ரேடியேட்டர் தாங்குவதைப் போல 6 மடங்கு குளோரைடு இருக்கலாம். வேறு வழியில்லாத போர் தண்ணீரில் 25 மடங்கு. அலுமினியத்தில் ஊசிமுனைத் துளை விழுவதற்குக் குளோரைடுதான் முதல் காரணம். "குடிக்கிற தண்ணிதானே, ஊத்தினா என்ன" என்ற கேள்விக்கு இந்த ஒரு வரிசை போதும்.

இனி படிவைக் கணக்கிடுவோம். கடினத்தன்மை 500 உள்ள போர் தண்ணீர் 600 மில்லியைப் பாதிக்குப் பாதி கலக்க ஊற்றினால் உள்ளே போவது 300 மில்லி கிராம் சுண்ணாம்பு உப்பு. பார்வைக்குச் சிறிது. ஆபத்து அதற்குப் பிறகு. மூடி சரியில்லாத வண்டியில் மாதம் 200 மில்லி ஆவியாகிறது, ஒவ்வொரு மாதமும் அதே போர் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறார்கள் என்று வைப்போம். ஆவி தண்ணீரை மட்டும் எடுத்துப்போகிறது. உப்பு உள்ளேயே தங்குகிறது. 24 மாதத்தில் 4.8 லிட்டர், அதில் 2.4 கிராம் உப்பு. கன அளவில் ஏறக்குறைய 0.9 கன சென்டிமீட்டர். அத்தனையும் இன்ஜினுக்குள் சூடான சுவரில் 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் படிந்தால் 0.045 மில்லி மீட்டர் தடிமன்.

தலைமுடி அளவுகூட இல்லை என்று தள்ளிவிட முடியாது. அலுமினியக் கலவை வெப்பத்தைக் கடத்துவதில் இந்தப் படிவைவிடச் சுமார் 75 மடங்கு வல்லது. ஆகவே 0.045 மி.மீ. படிவு, 3.4 மி.மீ. கூடுதல் அலுமினியச் சுவர் வைத்ததற்குச் சமம். சில மில்லி மீட்டரே உள்ள சுவர் இரு மடங்கானது போல வெப்பம் தடைபடும். இது மேல்வரம்புக் கணக்கு. எல்லா உப்பும் ஒரே இடத்தில் படியாது. ஆனால் மீதி உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் பம்பின் சீலிலும் போய் உட்காரும். எங்கே உட்கார்ந்தாலும் செலவுதான்.

பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் இந்த எண்களெல்லாம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். 5 லிட்டர் கேன் 120 ரூபாய் என்றால் லிட்டர் 24 ரூபாய். கரைந்த உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் ஒற்றை இலக்கம் காட்ட வேண்டும். வழியில் அவசரமென்றால் ஆர்ஓ கேன் தண்ணீர் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டு மாற்றிவிடலாம். தாமிரபரணிக் குடிநீர், போரைவிட எத்தனையோ நல்லது; ஆனாலும் பருவத்துக்குப் பருவம், குழாய்க்குக் குழாய் அதன் தன்மை மாறும். 24 ரூபாய்க்குச் சுத்தமான தண்ணீர் கிடைக்கும்போது அதைச் சோதனை செய்து பார்க்க வேண்டிய அவசியமில்லை.

கழுவும் கணக்கு

டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் 1,200 மில்லியும் வந்துவிடாது. இன்ஜின் மடிப்புகளிலும் ஹோஸ் வளைவுகளிலும் மீதம் நிற்கும். மாதிரி வண்டியில் 900 வெளியே வருகிறது, 300 உள்ளே நிற்கிறது என்று கொள்வோம். கழுவாமல் புதியதை ஊற்றினால், கால்வாசி பழைய கூலன்டோடுதான் வண்டி ஓடும்.

ஒவ்வொரு முறையும் 900 மில்லி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஓடவிட்டு, ஆறவைத்து வடித்தால் மொத்தக் கொள்ளளவில் பழையதன் பங்கு இப்படிக் குறையும்.

- வடித்தது மட்டும்: 25 சதவீதம் (300 மி.லி.)
- முதல் கழுவல்: 6.25 சதவீதம் (75 மி.லி.)
- இரண்டாம் கழுவல்: 1.6 சதவீதம் (19 மி.லி.)
- மூன்றாம் கழுவல்: 0.4 சதவீதம் (5 மி.லி.)

அதே வகைக் கூலன்டை மறுபடி ஊற்றுகிறவருக்கு இரண்டு கழுவல் போதும்: தண்ணீர் 1,800 மில்லி. வேறு வகைக்கு மாறுகிறவர், முந்தைய உரிமையாளர் ஊற்றியது தெரியாதவர், வடித்ததில் துருவோ வெள்ளைத் துகளோ கண்டவர் மூன்று கழுவ வேண்டும்: 2,700 மில்லி. வினிகர், எலுமிச்சை உப்பு, பாத்திரச் சோப்பு எதையும் உள்ளே விடாதீர்கள். அமிலம் அலுமினியத்தையும் தின்னும்.

பலரும் தவறும் இடம் அடுத்து வருகிறது. கடைசிக் கழுவலை வடித்த பிறகும் உள்ளே 300 மில்லி நிற்கிறது; இப்போது அது ஏறக்குறைய வெறும் தண்ணீர். இதன் மேல், பாதிக்குப் பாதி கலந்தே விற்கும் ரெடிமிக்ஸ் 900 மில்லி ஊற்றினால் கிளைக்கால் 450 மில்லி மட்டும். 1,200இல் அது 37.5 சதவீதம். உள்ளே 300க்குப் பதில் 400 நின்றிருந்தால் 33 சதவீதம். எச்சரிக்கைக் கோட்டில் வந்து நிற்கிறோம். பாட்டிலில் 50 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது பாட்டிலுக்கு மட்டும்தான் உண்மை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கான்சன்ட்ரேட் வாங்குவது. உள்ளே 300 தண்ணீர் நிற்பதால் 600 மில்லி கான்சன்ட்ரேட்டோடு 300 மில்லி தண்ணீர் மட்டும் கலந்து 900 ஊற்றினால், மொத்தத்தில் 600க்கு 600. ரிசர்வ் டப்பாவுக்கு 100க்கு 100. இரண்டு, ரெடிமிக்ஸையே இரண்டு முறை ஊற்றுவது: முதல் 900ஐ ஓடவிட்டு வடித்து, மறுபடி 900 ஊற்றினால் 47 சதவீதம் வரும். ஆனால் டப்பாவோடு சேர்த்து 2 லிட்டர் ரெடிமிக்ஸ் ஆகிவிடும். கடையில் ரெடிமிக்ஸ் மட்டுமே கிடைத்தால் இரண்டாவது வழி. கான்சன்ட்ரேட் கிடைத்தால் முதல் வழி.

மாதிரி வண்டிக்கான சரக்கு:

- கான்சன்ட்ரேட்: 600 + 100 = 700 மி.லி.
- தண்ணீர், இரண்டு கழுவல் என்றால்: 1,800 + 300 + 100 = 2,200 மி.லி.
- தண்ணீர், மூன்று கழுவல் என்றால்: 3,100 மி.லி.

ஒரு லிட்டர் பாட்டிலும் 5 லிட்டர் கேனும் எப்படிப் பார்த்தாலும் போதும். மீதத்தில் பாதிக்குப் பாதி கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டால், டப்பாவில் அளவு குறையும்போது போர் தண்ணீரைத் தேட வேண்டாம்.

வேலையின் கணக்கு

வண்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்தபின் குறைந்தது இரண்டு மணி நேரம். சூட்டில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. 122 டிகிரியில் அழுத்தத்தில் இருக்கும் 1,200 மில்லி தண்ணீரின் அழுத்தம் சட்டென்று விடுபட்டால், அதில் சுமார் 4 சதவீதம் அந்தக் கணமே ஆவியாகும். 50 கிராம் தண்ணீர், 80 லிட்டர் நீராவி. அது முகத்துக்கு நேரே வரும். ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பிடிக்க முடிகிற வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

- மூடியைத் திறந்து, பம்பின் அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, 3 லிட்டர் பிடிக்கும் தட்டில் வடிப்பது: 15 நிமிடம்
- ரிசர்வ் டப்பாவைக் கழற்றிக் கழுவுவது: 10 நிமிடம்
- ஒவ்வொரு கழுவலுக்கும் இன்ஜின் ஓட்டம்: சுமார் 10 நிமிடம்
- ஒவ்வொரு கழுவலுக்குப் பின் ஆறவைப்பது: முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்
- கடைசி நிரப்பல், காற்று வெளியேற்றல்: 30 நிமிடம்

இரண்டு கழுவலுக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாதிக்கு மேல் காத்திருப்பு. 10 நிமிட ஓட்டம் எதற்கு? தெர்மோஸ்டாட் திறந்தால்தான் தண்ணீர் ரேடியேட்டர் முழுக்கச் சுற்றும். பல வண்டிகளில் அது 80 டிகிரியை ஒட்டித் திறக்கிறது. கீழ் ஹோஸும் சூடேறினால் திறந்துவிட்டது என்று அர்த்தம். டிரெய்ன் போல்ட் சிறியது, இறங்குவது அலுமினியத்தில், 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் மரை கெடாது. வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

அளப்பதன் பலன் கடைசி நிரப்பலில் தெரியும். வெளியே வந்தது 900, உள்ளே போனது 820 என்றால் 80 மில்லி காற்று எங்கோ அடைபட்டிருக்கிறது. மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸை மெல்ல அமுக்கி விடுங்கள்; வண்டியை இரு பக்கமும் சாய்த்து விடுங்கள்; காற்றுத் திருகு இருக்கும் வண்டியில் அதையும் தளர்த்துங்கள். குமிழி வந்து அளவு இறங்கும். மீதி 80ஐ ஊற்றுங்கள். 900க்கு 900 சரியானால்தான் மூடியைப் பூட்ட வேண்டும். அளக்காதவருக்கு இந்த 80 மில்லி தெரியாது. கழுத்து வரை நிறைந்திருப்பதைப் பார்த்துப் பூட்டிவிடுவார். அந்தக் காற்றுக் குமிழி சிலிண்டர் ஹெட்டில் போய் நின்றால் அந்த இடம் மட்டும் காயும்.

டப்பாவை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது கூலன்ட் 4 முதல் 5 சதவீதம் விரியும். 1,200 மில்லியில் 50 முதல் 60 மில்லி. அது டப்பாவுக்குள் வந்து, ஆறியதும் திரும்பிப் போக வேண்டும். ஆறிய வண்டியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே அளவு நின்றால் சரி.

ரூபாய்க் கணக்கு

- கான்சன்ட்ரேட் 1 லிட்டர்: ₹400
- டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர்: ₹120
- டிரெய்ன் போல்ட் வாஷர்: ₹20
- இன்ஜின் ஓட்டத்துக்குப் பெட்ரோல், கால் லிட்டர்: ₹25
- கையுறை, துணி: ₹30
- மொத்தம்: ₹595

இரண்டு ஆண்டுக்குப் பிரித்தால் நாளுக்கு 82 காசு. 30,000 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 2 காசு. அதே கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 2 ரூபாய் 50 காசு. பெட்ரோல் செலவில் கூலன்ட் செலவு 1 சதவீதம்கூட இல்லை.

கடையில் கொடுத்தால் லேபர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் மிச்சம் அதுதான். மாதத்துக்கு 12 ரூபாய் 50 காசு. இதற்காக மட்டும் யாரும் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல மெக்கானிக் கழுவி, அளந்து ஊற்றுகிறார் என்றால் அந்த 300 தகுதியான கூலி. நீங்கள் வாங்கிக் கொடுத்த டிஸ்டில்டு வாட்டரைத்தான் அவர் ஊற்றுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்வதன் பலன் அந்தத் தண்ணீரும் அளவும் நம் கையில் இருப்பதே.

தவறினால் வரும் பில்லையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். பம்ப் சீல் மாற்ற 2,000, ரேடியேட்டர் மாற்ற 5,000, ஹெட் கேஸ்கெட் போய் ஹெட்டைச் சமன் செய்து பூட்ட 10,000 என்று எடுத்துக்கொள்வோம்.

- பம்ப் சீல்: சுமார் 7 ஆண்டுக் கூலன்ட் செலவு
- ரேடியேட்டர்: சுமார் 17 ஆண்டுக் கூலன்ட் செலவு
- ஹெட் வேலை: சுமார் 34 ஆண்டுக் கூலன்ட் செலவு

வண்டியின் ஆயுளைவிட நீண்ட காலக் கூலன்ட் செலவு ஒரே பில்லில் போகிறது. இந்தப் பக்கத்தில் 120 ரூபாய்த் தண்ணீர். அந்தப் பக்கத்தில் 10,000 ரூபாய்.

கழிவின் கணக்கு

வேலை முடிந்ததும் கையில் நிற்பது: முதல் வடிப்பு 900, டப்பா 200, இரண்டு கழுவல் 1,800, ஆக 2,900 மில்லி. அதில் கிளைக்கால் மட்டும் ஏறக்குறைய 690 மில்லி. இதை எங்கே ஊற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மிகப் பெரிய கேள்வி; ரூபாயில் எழுத முடியாத வரிசை இது.

எதிலீன் கிளைக்கால் இனிக்கும். ஆகவே நாய் நக்கும், பூனை நக்கும், ஆடு வாய் வைக்கும், தவழும் குழந்தை விரலை விட்டுச் சப்பும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. உயிர்போகும் அளவு என்று மருத்துவ நூல்கள் சொல்வது:

- பூனைக்கு, எடை கிலோவுக்கு சுமார் 1.4 மி.லி.; 3 கிலோ பூனைக்குப் பாதிக் கலவையில் 8 மி.லி.
- நாய்க்கு, கிலோவுக்கு சுமார் 4.4 மி.லி.; 10 கிலோ தெருநாய்க்குப் பாதிக் கலவையில் 88 மி.லி.
- மனிதருக்கு, கிலோவுக்கு சுமார் 1.4 மி.லி.; 10 கிலோ குழந்தைக்குப் பாதிக் கலவையில் 28 மி.லி.

28 மில்லி என்பது இரண்டு மேசைக்கரண்டி. டப்பாவோடு சேர்த்து வடித்த 1,100 மில்லியில் அப்படி 39 பங்கு இருக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்தில் கலந்திருந்த டைஎதிலீன் கிளைக்கால், சிறுநீரகத்தைக் கெடுத்துக் குழந்தைகளைக் கொன்றது. அது இதற்கு உறவுக்கார நஞ்சு. தட்டை வாசலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தவறி யாராவது குடித்துவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

குளத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு கிராம் கிளைக்கால் மட்கி முடிய 1.29 கிராம் ஆக்சிஜன் தேவை. 690 மில்லி என்பது சுமார் 766 கிராம். அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஆக்சிஜன். 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு அதிகம் போனால் 7.5 மில்லி கிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஆக, ஒரு பைக்கின் கழிவை ஓடையில் விட்டால், அது சுமார் 1.3 லட்சம் லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜனுக்குச் சமமான கடனைக் குளத்தின் தலையில் ஏற்றுகிறது. மழையை நம்பி நிற்கும் மானாவாரிக் குளங்களின் கடைசி நீரில் மீன்கள் ஒதுங்கும் கோடையில் அந்தக் கடன் தாங்காது.

எனவே வடித்ததையும் எல்லாக் கழுவல்களையும் மூடி இறுகும் கேனில் ஊற்றுங்கள். "கூலன்ட் கழிவு, விஷம்" என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பழைய ஆயிலோடு கலக்காதீர்கள். கழிவை முறையாக அனுப்பும் சர்வீஸ் சென்டரிடம் கேட்டு, அடுத்த முறை நெல்லை போகும்போது கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் வரை பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். சிந்திய இடத்தில் மணல் போட்டு அள்ளி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எழுதி வைக்க வேண்டிய ஐந்து எண்கள்

சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: தேதி, ஓடிய கிலோமீட்டர், வெளியே வந்த மில்லி, உள்ளே போன மில்லி, ஊற்றிய கூலன்டின் பெயரும் விகிதமும். அதற்குக் கீழே, இடையில் டப்பாவில் ஊற்றும் ஒவ்வொரு மில்லியையும் தேதியோடு சேருங்கள்.

கூலன்ட் எரிந்து தீரும் பொருள் இல்லை, சுற்றிக்கொண்டே இருப்பது. மாதா மாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ வழி இருக்கிறது. ஹோஸ் கிளிப், மூடி, பம்பின் அடித்துளை, கடைசியாக ஹெட் கேஸ்கெட் என்று அந்த வரிசையில் தேடுங்கள். 1,200 மில்லியில் 100 குறைந்தால் அது 8 சதவீதம். வெப்ப முள் ஏறுவதற்கு முன்பே அந்த 8 சதவீதம் எழுதிய பக்கத்தில் தெரிந்துவிடும். பிறகு வண்டி கை மாறினாலும் அந்தப் பக்கம் கூடவே போகும். வாங்குகிறவருக்கு உள்ளே எந்தத் தண்ணீர் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். அவர் அதன் கீழேயே தன் கணக்கைத் தொடரலாம்.